பிளக் மாற்றினால் ஏற்காடு மலை லேசாகுமா?

சேலத்தில் பல வருடங்களாகப் பெட்ரோல் கார் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் ஸ்பார்க் பிளக் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும், அவர் சொன்ன பதில்களும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: அண்ணா, என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது, பிளக் இதுவரை மாற்றவில்லை. அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதுமே திணறுகிறது. இரிடியம் பிளக் போட்டால் பவர் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

பிளக்கை மாற்றுங்கள் தம்பி, பழையதன் காலம் முடிந்திருக்கும். ஆனால் பவர் கூடும் என்று நினைத்து மாற்றாதீர்கள். பிளக் பவரைத் தயாரிப்பதில்லை. காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் அழுந்தி நிற்கும்போது பற்ற வைப்பது மட்டுமே அதன் வேலை. அடுப்பை லைட்டரால் பற்ற வைத்தாலும் தீக்குச்சியால் பற்ற வைத்தாலும் சோறு ஒரே நேரத்தில்தான் வேகும். நல்ல நிலையில் உள்ள சாதா பிளக்கும் இரிடியமும் அப்படித்தான்.

பழைய பிளக்கில் நடப்பது வேறு. ஒவ்வொரு பொறிக்கும் முனை கொஞ்சம் தேய்ந்து, பொறி தாண்ட வேண்டிய இடைவெளி அகன்றுகொண்டே போகும். 0.8 மி.மீ. இருக்க வேண்டியது 1 மி.மீ.க்கு மேல் போய்விடும். மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பொறி தாண்டுவது சிரமம். பைபாஸில் தெரியாத மிஸ்ஸிங், அதாவது பொறி தவறுவது, மலையில் தெரிவது இதனால்தான். புது பிளக் போட்டதும் வண்டி பறக்கிற மாதிரி இருக்கும். அது புதிதாக வந்த பவர் இல்லை, நீங்கள் இழந்திருந்தது திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜினுக்கு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு பவர் குறையும். எந்த பிளக்காலும் அதைத் திருப்பித் தர முடியாது; வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். ஆனால் நீங்கள் சொல்வது ஏழெட்டாவது வளைவு. அந்த உயரத்தில் காற்று அவ்வளவு மெலிந்திருக்காது. அதனால் பிளக்கோடு ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஒரு எஸ்டேட் வண்டி நான்கு புது இரிடியம் பிளக்கோடு என்னிடம் வந்தது. திணறல் அப்படியே இருந்தது. ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி காப்பிக்கொட்டையும் கிழிந்த துணியுமாகச் சேர்த்து அடைத்து வைத்திருந்தது. மூச்சே விட முடியாத இன்ஜினுக்கு பிளக் என்ன செய்யும்?

சூரமங்கலத்திலிருந்து: அப்படியானால் இரிடியம் வீண் செலவா?

இல்லை. அதன் லாபம் ஆயுளில் இருக்கிறது. சாதா பிளக்கின் முனை நிக்கல் கலவை, சுமார் 2.5 மி.மீ. தடிமன். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446 டிகிரியில். அதனால் முனையை 0.4 முதல் 0.6 மி.மீ. வரை மெல்லியதாகச் செய்தாலும் தாங்குகிறது. முனை மெலிந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும், பொறிக்கு வோல்டேஜ் தரும் காயிலுக்குச் சுமை குறையும். சாதா பிளக் 30,000, 40,000 கி.மீ. வரும், இரிடியம் 80,000 முதல் ஒரு லட்சம் வரை வரும். பிளக்கைத் தொடுவதற்கே மேலே பாதி இன்ஜினைக் கழற்ற வேண்டிய வண்டிகளில் கூலி மிச்சம் பெரிது. கம்பெனியே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டியில் காசு மிச்சம் என்று சாதா பிளக் போடாதீர்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: நான்கு முனை வைத்த பிளக்கில் நான்கு பொறி வருமா?

வராது. ஒரு நேரத்தில் ஒரு பொறிதான், எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் தாண்டும். முனைகள் பங்கு போட்டுத் தேய்வதால் ஆயுள் கூடும்.

ஏற்காட்டிலிருந்து: அண்ணா, வீட்டிலிருந்து பள்ளிக்கு 2 கி.மீ., திரும்ப 2 கி.மீ. தினமும் வண்டி இவ்வளவுதான் ஓடுகிறது. பிளக் கறுத்துப்போய் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. ஹாட் பிளக் போடச் சொல்கிறார்கள்.

போடாதீங்கம்மா. பிளக்கின் முனை ஏறக்குறைய 450, 500 டிகிரி சூட்டைத் தொட்டால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்தக் குளிரில் 2 கி.மீ. ஓட்டத்தில் இன்ஜினே சூடாகாது, பிளக் எங்கே சூடாகும்? ஹாட் பிளக் என்பது சூட்டை முனையிலேயே அதிகம் தக்கவைக்கும் வகை; அதைப் போட்டால் கரி குறையலாம். ஆனால் என்றாவது நான்கு பேரோடு சேலம் இறங்கி மதிய வெயிலில் திரும்ப ஏறும்போது முனை நெருப்புத் துண்டாகி, பொறிக்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். வாரம் ஒரு முறை வண்டியை அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். அதற்கும் கறுத்தால் பெட்ரோல் அதிகம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் சூட்டு வகையைக் குறிக்கும் எண் கூடினால் கோல்டு, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும் வகை. பாஷில் எண் கூடினால் ஹாட். கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

ஓமலூரிலிருந்து: டீசல் காருக்கு எந்த பிளக் நல்லது?

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: சார், நானே மாற்றிக்கொள்ளலாமா? பழையதை எமரித்தாளில் தேய்த்துத் திரும்பப் போடலாமா?

மாற்றலாம். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு செய்யுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டில் மரை உருவிக்கொண்டு வரும். நம் ஊர்ப் புழுதி பிளக் குழிக்குள் நிறைய இருக்கும், கழற்றும் முன் காற்றடித்து ஊதிவிடுங்கள். புதியதைக் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக் என்றால் அதற்கு மேல் ஸ்பேனரில் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் போதும். இரிடியத்தில் எமரித்தாள் படவே கூடாது, அந்த ஊசி முனை உடைந்துவிடும்.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் சுகம். உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது குறுகிய ஓட்டம். ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பு போல வெளுத்துப் பொரிந்திருந்தால் அதிகச் சூடு, அதைத் தள்ளிப் போடாதீர்கள். நான்கில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் கோளாறு அந்த ஒரு சிலிண்டரில். அதனால் எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டி வையுங்கள். பட்டறைக்கு வரும்போது பழைய நான்கையும் கையோடு கொண்டு வாருங்கள்.