ஊராட்சியில் யாரிடம் எதைக் கேட்பது? சில கேள்விகள், சில பதில்கள்

ஊராட்சி நிர்வாகம் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி, இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்கானவை. பேரூராட்சியில் இருப்பவர்களுக்குச் சட்டமும் வேறு, அதிகாரிகளும் வேறு, அதனால் இதை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: தெருவில் குப்பை கொட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எங்கள் தலைவர் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துவிட்டார். அவர் நினைத்தால் இப்படிச் சட்டம் போட முடியுமா?

தலைவர் ஒருவரால் முடியாது. ஊராட்சி மன்றம் கூடித் தீர்மானம் போட்டாலும் அது மட்டும் போதாது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்குத் துணை விதிகள் செய்துகொள்ளும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது, ஆனால் அதற்கு ஊராட்சிகளின் ஆய்வாளர் ஒப்புதல் தர வேண்டும். ஆய்வாளர் என்று சட்டம் சொல்வது மாவட்ட ஆட்சியரைத்தான். அந்த ஒப்புதல் வந்த துணை விதியில் அபராதம் எவ்வளவு என்று எழுதியிருந்தால் வசூலிக்கலாம். உங்களிடம் பணம் கேட்டு வந்தால், எந்தத் தேதியிட்ட தீர்மானம், எந்தத் துணை விதி என்று கேளுங்கள், ஊராட்சி முத்திரையோடு ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அதற்காகக் குப்பையைத் தெருவில் கொட்டலாம் என்று அர்த்தம் இல்லை. பொது இடத்தில் கொட்டுவதும் எரிப்பதும் மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தடை செய்யப்பட்டவை. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தால், தள்ளுவண்டியோடு வெயிலில் வீடு வீடாக வரும் தூய்மைக் காவலரின் வேலை பாதியாகக் குறையும். அவர்கள் வாங்கும் தொகை மிகக் குறைவு, அதுவும் பல ஊர்களில் தாமதமாகத்தான் கைக்கு வருகிறது.

கேள்வி: நாங்கள் காதல் திருமணம் செய்துகொண்டதற்காக ஊர்க்கூட்டம் போட்டு எங்கள் குடும்பத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கோயில் வரி வாங்குவதில்லை, கடையில் சாமான் தருவதில்லை. கூட்டத்தில் வார்டு உறுப்பினரும் இருந்தார். அப்படியானால் இது ஊராட்சியின் முடிவா?

இல்லை. வார்டு உறுப்பினர் அங்கே உட்கார்ந்திருந்ததால் அது ஊராட்சிக் கூட்டம் ஆகிவிடாது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றத்துக்கே கல்யாண விஷயத்தில் தலையிடவோ ஒரு குடும்பத்தை ஒதுக்கவோ துளியும் அதிகாரம் கிடையாது, அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் என்று தாங்களாகவே உட்கார்ந்தவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று பெயர் சொல்லியே கண்டித்தது. தெரிந்திருந்தும் தடுக்காத மாவட்ட நிர்வாகத்தையும் காவல் அதிகாரிகளையும் பொறுப்பாக்க வேண்டும் என்றும் சொன்னது. எனவே யார் யார் கூட்டத்தில் பேசினார்கள், என்ன தேதி, எந்தக் கடையில் சாமான் மறுத்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, காவல் நிலையத்திலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் கலெக்டரிடமும் தனித்தனியாக மனு கொடுங்கள். உங்களில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்றால் அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள், ஏனென்றால் அவர்களைச் சமூகப் புறக்கணிப்பு செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் மனுவைக் கொடுக்கத் தனியாகப் போகாதீர்கள், ஒரு வக்கீலையோ நம்பிக்கையான அமைப்பைச் சேர்ந்தவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: இருபது வருஷமாக வீட்டு வரி கட்டுகிறேன். ரசீது என் பேரில். இடம் எனக்குச் சொந்தம்தானே?

வீட்டு வரி ரசீது, வரி கட்டியதற்கு மட்டும்தான் ஆதாரம். இடம் யாருடையது என்பதைப் பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பேசும். ஆனாலும் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், அனுபவத்தைக் காட்ட உதவும். ரசீதில் நூலக வரி என்று பத்து சதவீதம் தனியாக இருப்பதைப் பார்த்துச் சிலர் கோபப்படுகிறார்கள். அது ஊராட்சியிடம் தங்குவதில்லை, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது.

கேள்வி: குடிநீர் நாலு நாளைக்கு ஒரு முறைதான். கேட்டால் "நிதி இல்லை" என்கிறார் தலைவர். உண்மையா, பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உண்மையாகவும் இருக்கலாம். அதனால் சண்டைக்குப் போவதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்.

ஒரு சின்ன ஊராட்சிக்கு வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குத்தகை, ஏலம் இவையெல்லாம் சேர்ந்தாலும் சொந்த வருமானம் சொற்பம்தான். மற்றதெல்லாம் மேலிருந்து வருவது. மாநில நிதி ஆணைய மானியம் என்று ஒன்று வருகிறது, அதில் பெரும்பகுதி தெருவிளக்கு, மோட்டார் இவற்றின் மின் கட்டணத்துக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகைக்கும் போய்விடும். இன்னொன்று மத்திய நிதி ஆணைய மானியம். 15-ஆவது நிதி ஆணையம் தந்த பணத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டி வைக்கப்பட்டது, அதிலும் பாதி குடிநீருக்கு. அதாவது அந்தப் பணத்தை எடுத்துத் தலைவர் விரும்பினாலும் அலங்கார வளைவு கட்ட முடியாது. எனவே உங்கள் கேள்வி "ஏன் தண்ணீர் வரவில்லை" என்று பொதுவாக இருக்க வேண்டாம். "நிதி ஆணையத்தின் குடிநீர்ப் பங்கு இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது" என்று கேளுங்கள்.

கணக்கைப் பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊர்த் திட்டமும் செலவும் தெரியும். அதில் தெளிவு கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொரு விஷயம். ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேருக்கும் ஆகாமல் போய், பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டத் தேவையான பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் ஊர்கள் உண்டு. தண்ணீர் வராததற்கு நிதி காரணமா, இந்தக் கையெழுத்துப் பிரச்சினை காரணமா என்று கிளார்க்கிடமும் டேங்க் ஆபரேட்டரிடமும் பொறுமையாகப் பேசினாலே பாதி விளங்கிவிடும். இரண்டாவதுதான் காரணம் என்றால் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) எழுத்தில் கொடுங்கள்.

சொந்த வருமானத்தைப் பெருக்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் காட்டியது. எல்லா ஊரிலும் காற்று இல்லைதான், ஆனால் வீட்டு வரியை ஒழுங்காக வசூலித்து வெளிப்படையாகக் கணக்குச் சொல்கிற ஊராட்சிக்கு மக்கள் தயங்காமல் வரி கட்டுகிறார்கள் என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது? எல்லாம் கண்துடைப்பு என்று எங்கள் ஊர் இளைஞர்கள் வருவதே இல்லை.

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது.

முதலில் வலியான உதாரணம். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் நிறைவேற்றி வந்தார்கள். ஆனால் அந்தத் தீர்மானங்கள் திட்டத்தை நிறுத்திவிடவில்லை. இன்னொரு பக்கம் மேலூர் வட்டாரம். அரிட்டாபட்டி உட்பட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள், 2024 நவம்பர் 23 கிராம சபையில் சுற்றியுள்ள ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, மக்கள் மதுரை நோக்கி நடந்தார்கள், 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானத்தால் மட்டும் அது நடந்ததா என்றால் இல்லை. ஆனால் மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு அரசு ஆவணமாகவே ஒரு தாள் அவர்கள் கையில் இருந்தது. நீதிமன்றத்துக்குப் போனாலும் அமைச்சரிடம் போனாலும் அந்தத் தாளை நீட்டலாம்.

பெரிய திட்டங்களை விடுங்கள். சாக்கடை, சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, பயனாளிப் பட்டியல் ஆகியவற்றில் கிராம சபைக்கு நேரடியான பிடி உண்டு, ஏனென்றால் ஊராட்சித் திட்டமும் செலவுக் கணக்கும் அங்கே வைக்கப்பட்டே ஆக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். நிர்வாகக் காரணத்தால் சில சமயம் தேதி தள்ளிப்போகும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் உறுப்பினர். கோரம், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இளைஞர்கள் வராமல் போனால் கோரம் சேர்க்க யாரையாவது கூட்டி வந்து உட்கார வைத்து, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, தீர்மானத்தைச் சாவகாசமாக ஆபீஸில் எழுதிக்கொள்ளும் பழக்கம்தான் வளரும். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உங்கள் கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே எழுதி இரண்டு பிரதியோடு போங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், கூட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து பேர் இப்படிச் செய்தால் அந்த ஊரில் அடுத்த கூட்டமே மாறிவிடும்.

கேள்வி: ஏரியை ஆக்கிரமித்து வேலி போட்டுவிட்டார்கள். தலைவர் "அது என் வேலை இல்லை" என்கிறார்.

பாதி சரி. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். குளம், குட்டை, ஊருணி பெரும்பாலும் கிராம ஊராட்சி. ஆக்கிரமிப்பை அகற்றும் நடவடிக்கைக்குத் தாசில்தார் வேண்டும். சர்வே எண்ணோடு தாசில்தாருக்கு மனு, கிராம சபையில் தீர்மானம், இரண்டும் செய்யுங்கள். தலைவர் தீர்மானத்தை அனுப்பி வைக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது.

கேள்வி: தலைவர் ஒரு அம்மா. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் பேசுவது அவர் கணவர். இதை எப்படிக் கேட்பது?

நேராகவே கேளுங்கள், ஆனால் அந்த அம்மாவை அவமானப்படுத்தாமல். 2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்தவருக்கு வீட்டிலும் ஊரிலும் எவ்வளவு அழுத்தம் என்பது வெளியே தெரிவதில்லை. பட்டியல் சாதிப் பெண் தலைவர் என்றால் இன்னும் கடினம், சுதந்திர தினத்தில் கொடியேற்றவே விடாத ஊர்கள் இருந்ததால்தான் 2022-இல் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டி வந்தது. மனுவைத் தலைவர் பெயருக்கே எழுதுங்கள், அவர் கையிலேயே கொடுங்கள், கிராம சபையில் கேள்வியை அவரைப் பார்த்தே கேளுங்கள். கணவர் பதில் சொல்ல வந்தால் "தலைவர் சொல்லட்டும் அண்ணே" என்று கூட்டமே சொல்லட்டும். முதல் முறை தடுமாறலாம், நாலாவது கூட்டத்தில் கணக்கோடு பேசிய பெண்களை நான் அறிவேன்.

முறைகேடு என்று உறுதியாகத் தெரிந்தால் அது வேறு கதை. சட்டத்தின் 205-ஆவது பிரிவின்கீழ் விளக்கம் கேட்டு, மன்றத்தின் கருத்தையும் பெற்று, தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு. ஆதாரத்தோடு அங்கே போங்கள்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழ் எடுக்க ஊராட்சி ஆபீஸுக்கு மூன்று முறை அலைந்துவிட்டேன்.

வீட்டில் பிறந்த குழந்தை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) போங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தது என்றால் அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா எல்லாமே வருவாய்த் துறை, ஊராட்சி இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லை, தனி அலுவலர் என்கிறார்கள். கிராம சபையாவது நடக்குமா?

நடக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5-இல் முடிந்தது, தேர்தல் நடக்காததால் பி.டி.ஓ.க்கள் தனி அலுவலர் ஆனார்கள். 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களுக்குத்தான் அப்போது இது பொருந்தவில்லை. 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் மூன்று வருஷம் போனது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243ஈ பிரிவு சொல்கிறது, அதை மீறித்தான் இந்த இடைவெளிகள் வந்தன, எனக்கு இதில் கடுமையான வருத்தம் உண்டு. ஒரே அதிகாரி ஒன்றியத்தில் உள்ள எல்லா ஊராட்சிகளையும் பார்க்கும்போது உங்கள் தெருக் குழாய் அவர் கண்ணில் படாது.

ஆனால் கிராம சபை, தலைவர் இருந்தால்தான் உண்டு என்கிற ஒன்று இல்லை, அது வாக்காளர்களின் சபை. தனி அலுவலர் காலத்திலும் கூட்டப்பட்டே வந்திருக்கிறது. உங்கள் ஊரில் அறிவிப்பு வரவில்லை என்றால், கூட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஊராட்சிச் செயலாளரைப் பார்த்து இடமும் நேரமும் கேளுங்கள், பி.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.