டாக்டரிடம் கேளுங்கள்: மாமியார் சொன்னதும் மருத்துவமனை சொல்வதும்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். என் ஒன்பது வயது மகனுக்கு வேர்க்கடலை அறவே ஆகாது. போன வருடம் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுத்து ஆம்புலன்ஸில் போனான். இப்போது மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேர்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். தினமும் துளித்துளியாகக் கடலை கொடுத்து உடம்பைப் பழக்குவார்களாம். காரைக்குடியில் இருக்கும் என் மாமியார் இதைத்தான் ரொம்ப நாளாகச் சொல்கிறார்: "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு, சரியாப் போயிடும்." நான்தான் சண்டை போட்டுத் தடுத்து வைத்திருக்கிறேன். அப்படியானால் அவர் சொன்னது சரிதானா? பையனைச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் மாமியாரின் யோசனையும் சரி, நீங்கள் போட்ட சண்டையும் சரி. 1908இலேயே லண்டனில் ஸ்கோஃபீல்டு என்ற டாக்டர், முட்டை ஆகாத 13 வயதுப் பையனுக்குத் துளியூண்டு பச்சை முட்டை வைத்த மாத்திரைகளைக் கொடுத்துப் பழக்கி, அதை 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். ஆக, யோசனை பழசு. சிக்கல் எல்லாம் அளவில் இருக்கிறது.

ஒரு வேர்க்கடலைப் பருப்பில் சுமார் 250 முதல் 300 மில்லிகிராம் புரதம் இருக்கும். 'பாலிசேட்' என்ற பெரிய ஆய்வில் முதல் நாள் முதல் வேளைக்குக் கொடுத்தது 0.5 மில்லிகிராம். ஒரு பருப்பை ஐந்நூறு கூறு போட்டு அதில் ஒன்று! மாமியாரின் ஒரு சிட்டிகைப் பொடி அதைவிடப் பல மடங்கு.

அந்த முதல் நாளை இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நிறுத்து எடுத்த மாவைத் தயிரில் கலந்து சின்னக் கிண்ணத்தில் நர்ஸ் கொண்டுவருவார். பையன் முழுங்கிவிட்டு டிவி பார்ப்பான். நர்ஸ் அவன் உதட்டையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவன் சும்மா இரண்டு தடவை தொண்டையைச் செருமினால் போதும், அடுத்த கிண்ணம் அப்படியே நிற்கும். வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்திச் சுருண்டு படுத்தாலும் அப்படித்தான். கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி கை எட்டும் தூரத்தில் இருக்கும். காரைக்குடி அடுப்படியில் இதில் எது இருக்கிறது?

சரி, பலன் உண்டா என்றால், உண்டு. 2018இல் வெளிவந்த பாலிசேட் முடிவுகளில், 4 முதல் 17 வயதுக்குட்பட்ட 496 பேரில், நிஜ வேர்க்கடலை மாவு சாப்பிட்டவர்களில் 67 சதவீதம் பேர் 600 மில்லிகிராமை, அதாவது ஏறத்தாழ இரண்டு பருப்பை, ஒரே வேளையில் தாங்கினார்கள். வெற்று மாவு சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். அந்த மாவுதான் 2020 ஜனவரியில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. உங்கள் பக்கத்திலேயே, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் நடத்தும் 'நடாஷா' ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. 2016இல் எள் கலந்த ரொட்டியால் 15 வயதில் இறந்த நடாஷாவின் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை அதற்குப் பணம் திரட்டியது. 3 முதல் 23 வயது வரை உள்ளவர்களுக்கு, கடையில் வாங்கும் கடலையும் பாலுமே மருந்து. கம்பெனிப் பொட்டலம் இல்லாமலே முடியும் என்று நிரூபணமானால் ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டும்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் மகன் கடலை மிட்டாய் தின்பதற்காக அல்ல இது. தெரியாமல் ஒரு பிஸ்கட் உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து வராமல் இருப்பதற்காக. தினமும் சாப்பிட வேண்டும். விட்டுவிட்டால் பழகிய உடம்பு பழையபடி ஆகிவிடலாம். காய்ச்சல் என்றால் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. சாப்பிட்ட கையோடு ஓடியாடவும், சுடுதண்ணீரில் குளிக்கவும் கூடாது. அந்த நேரத்தில்தான் நேற்றுவரை ஒத்துக்கொண்ட அளவே இன்று திருப்பி அடிக்கும். அதோடு, சும்மா ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளைவிட இந்தச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. பலர் பாதியில் விலகுவது இதனால்தான்.

அவனுக்கு ஆஸ்துமா இருந்து அது கட்டுக்குள் இல்லையென்றால், இப்போதைக்கு வேண்டாம். அந்தச் சிக்கல் இல்லையென்றால், நானாக இருந்தால் சேர்ப்பேன். அதற்கு முன் அவனிடம் கேளுங்கள்; கடலை வாசனையே ஆகாத பிள்ளையைத் தினமும் உட்கார வைத்து ஊட்ட முடியாது. ஆய்வில் யாருக்குச் சிகிச்சை என்று குலுக்கித்தான் பிரிப்பார்கள்; குலுக்கலில் சிகிச்சை இல்லாத குழுவில் விழுந்தால் பிறகு சிகிச்சை உண்டா, ராத்திரி இரண்டு மணிக்கு யார் போனை எடுப்பார்கள் என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

அப்புறம், லீவுக்கு ஊருக்கு வரும்போது அட்ரினலின் பேனா (பேனா போன்ற ஊசி) இரண்டு கைவசம் இருக்கட்டும். இங்கே மருந்துக்கடையில் எளிதில் கிடைக்காது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கும் என்பதையும் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஊசி போட்டால் உணவு அலர்ஜி போய்விடுமாமே, டாக்டர்?
– டொராண்டோ வாசகர்

பதில்: போகாது, தள்ளிப்போகும். ஒமாலிசுமாப் என்ற பழைய ஆஸ்துமா மருந்துதான் அது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் உணவு அலர்ஜிக்கும் அனுமதித்தார்கள். ஆய்வில் ஊசி போட்டவர்களில் 67 சதவீதம் பேர் இரண்டு பருப்பளவு கடலையைத் தாங்கினார்கள். போடாதவர்களில் 7 சதவீதம். இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆகாததை ஒதுக்கியும் வைக்க வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு உட்காருவதைவிட, உட்கார்ந்துகொண்டு கேட்பது நல்லது.

கேள்வி: பெரியவனுக்குக் கடலை அலர்ஜி. ஆறு மாதக் கைக்குழந்தைக்கும் கடலையைத் தள்ளியே வைக்கவா?
– கோவை வாசகி

பதில்: தள்ளி வைக்காதீர்கள். லண்டனில் கிடியோன் லாக் குழுவினர் 640 குழந்தைகளை ஐந்து வயது வரை கவனித்து 2015இல் சொன்னது இதற்கு நேர்மாறு: சீக்கிரமே கடலை கொடுத்துப் பழக்கிய குழந்தைகளுக்குத்தான் அலர்ஜி மிகக் குறைவாக வந்தது. ஆனால் குழந்தைக்குக் கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் நோய்) இருந்தாலோ முட்டை ஆகாவிட்டாலோ, முதலில் தோல் பரிசோதனை செய்துவிட்டுக் கொடுங்கள். முழுப் பருப்பு வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். வறுத்து மைய அரைத்துக் கஞ்சியில் நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள். கிண்ணமும் கரண்டியும் தனியாக இருக்கட்டும். பெரியவன் பள்ளிக்குப் போன பிறகு ஊட்டி, துடைத்துக் கழுவிவிடுங்கள்.