சார்ல்ஸ்டனில் கல்யாணம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனுக்குக் குடிவந்து பதினாறு வருடம் ஆகிறது. பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். உறவிலும் நட்பிலுமாக ஏழெட்டு முகூர்த்தங்களுக்கு இந்த ஊரில் ஓடியாடி வேலை பார்த்திருக்கிறேன். அதைக் கேள்விப்பட்டுப் பலரும் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

அக்கா, மகளுக்கு ஆவணியில் நல்ல முகூர்த்தம் வந்திருக்கிறது. கடற்கரையிலேயே வைத்துக்கொள்ளலாமா? (டாலஸிலிருந்து ஓர் அம்மா)

ஆவணி வேண்டாங்க. இங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி வரும், அதாவது ஆவணிக் கடைசி. 1989 செப்டம்பரில் அடித்த ஹ்யூகோ புயலை வைத்துத்தான் இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் வருடக் கணக்குச் சொல்கிறார்கள். புயல் நேராக வந்து அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊரைக் காலி செய்யச் சொல்லி ஆளுநர் உத்தரவு போட்டால், ஐ-26 நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களையும் ஊருக்கு வெளியே போகிற பக்கம் திருப்பிவிடுவார்கள். விருந்தாளிகள் எப்படி உள்ளே வருவார்கள்?

நம் பஞ்சாங்கமும் இந்த ஊர் வானிலையும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன. ஆடியில் நாம் வைப்பதில்லை, இங்கேயும் வெயிலும் புழுக்கமும் தாங்காது. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்ப்பார்கள், அதுவும் புயல் மாதம். பங்குனியும் சித்திரையும்தான் இந்த ஊரின் அழகான நாட்கள். பங்குனியில் அசேலியா பூத்து ஊரே நிறம் மாறியிருக்கும். ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும் நல்லது. பங்குனியில் மட்டும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை கூப்பர் நதிப் பாலத்தின் மேல் பெரிய ஓட்டப்பந்தயம் நடக்கும். அன்று காலை பாலத்தை மூடிவிடுவார்கள். பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் மவுண்ட் பிளசன்ட்டில் தங்கியவர்கள் முகூர்த்தத்துக்கு வந்துசேர மாட்டார்கள். மே மாதம் பட்டமளிப்பு விழாக்கள், அது முடியும்போது 17 நாள் ஸ்போலெட்டோ கலைவிழா. அறை கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறிவிடும்.

கடற்கரை விஷயம். மே முதல் அக்டோபர் வரை கடலாமைகள் முட்டையிட வரும் காலம். இரவில் மணல் பக்கம் விளக்குப் போட விட மாட்டார்கள், அது நியாயமும்கூட. சாயங்கால வரவேற்பை மணலில் நினைக்காதீர்கள். காலை முகூர்த்தம் என்றாலும் கடல் காற்றில் ஹோமத் தீ நிற்காது.

இன்னொன்று, சென்னையில் கணித்த முகூர்த்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லக்னமும் ராகுகாலமும் உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தவை. சார்ல்ஸ்டனுக்கென்று கணிக்கச் சொல்லுங்கள்.

பழைய மாளிகைக்குள் ஹோமம் வளர்க்க அனுமதி தருவார்களா? (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மணப்பெண்ணின் அண்ணன்)

சில இடங்களில் தருவார்கள், முற்றத்தில் பெரும்பாலும் தருவார்கள். 1838லும் 1861லும் இந்த ஊர் பெரும் தீயில் எரிந்திருக்கிறது. அதனால் பழைய கட்டடக்காரர்கள் நெருப்பென்றால் பயப்படுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘மெழுகுவர்த்தி ஏற்றலாம்’ என்று அவர்கள் சொல்வதை ஹோமத்துக்கும் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் நம் ஆட்கள் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் வாய்ப்பேச்சாகச் சம்மதம் வாங்கியிருந்தோம். கன்னிகாதானம் நடக்கும்போது புகை போய் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. பட்டுப்புடவையும் வேட்டியுமாக எல்லோரும் தெருவில் நின்றோம். தீயணைப்பு வண்டி வந்து சோதித்துவிட்டுப் போவதற்குள் முகூர்த்தம் கடந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: ஹோம குண்டத்தின் அளவு, நெய்யும் சமித்தும் போட்டு எத்தனை நிமிடம் எரியும், அடியில் மணலும் செங்கலும், பக்கத்தில் தீயணைப்பானோடு நிற்கப்போகும் ஆள். தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டுமா என்று மண்டபக்காரரையே கேட்டு, அவர் பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பே நடந்த ஹோமம் ஒன்றின் படத்தை அனுப்பினால் பாதிப் பயம் போய்விடும். சாஸ்திரிகள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். கொலம்பியா இரண்டு மணி நேரம், சார்லட் மூன்றரை, அட்லாண்டா ஐந்து. முதல் நாளே வந்து தங்கச் சொல்லிவிடுங்கள்.

சட்டப்படி பதிவு எப்படி? நான் இந்தியக் குடிமகன், அவள் அமெரிக்கக் குடிமகள். (சிகாகோவிலிருந்து ஒரு மாப்பிள்ளை)

குடியுரிமை தடையில்லை தம்பி. இரண்டு பேரும் திருமண உரிமம் தரும் புரொபேட் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கப்புறம் 24 மணி நேரம் கழித்துத்தான் உரிமம் கையில் வரும். சனி, ஞாயிறு நீதிமன்றம் இல்லை. எனவே சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்கினால் காரியம் ஆகாது. இங்கே வாங்கும் உரிமம் தென் கரோலைனாவுக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு மட்டும்தான் செல்லும்.

இந்த மாநிலத்தில் நோட்டரிக்கே கல்யாணம் செய்துவைக்கும் அதிகாரம் உண்டு. சாஸ்திரிகளின் கையெழுத்துப் போதுமா என்ற குழப்பமே வேண்டாம் என்றால், ஒரு நோட்டரியை விருந்துக்கு அழைத்துவிடுங்கள்.

அக்கா, ஓக் மரங்கள் வளைந்து நிற்கும் அந்தத் தோட்டத்து மாளிகையில் கல்யாணம் வைக்க ஆசை. ஆனால் எங்கள் அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அப்பா ‘தோட்டத்திலா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (டொராண்டோவிலிருந்து ஒரு மணப்பெண்)

தங்கச்சி, நான் வைக்க மாட்டேன். உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி.

நீங்கள் சொல்லும் மாதிரியான சாலைகளில் பேர்பெற்றது பூன் ஹால் என்ற தோட்டத்தில் இருக்கிறது, 1743ல் நட்ட மரங்கள். படம் எடுப்பவர்கள் மரங்களை மட்டும் எடுப்பார்கள். அந்தச் சாலை ஓரத்திலேயே அடிமைகள் குடியிருந்த ஒன்பது செங்கல் வீடுகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. அப்பாவிடம் காட்டினால் ‘லயம்’ என்பார், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு மலையகத்தில் அதுதான் பேர்.

மலையகத்தில் நம் ஆட்களைச் சந்தையில் நிறுத்தி விற்கவில்லை. இங்கே விற்றார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டம், துரை, லயம் என்ற சொற்களின் பாரம் உங்கள் வீட்டுக்குத் தெரியும். வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

ஆஷ்லி ஆற்றங்கரையில் பழைய நெல்வயல்களின் வரப்பையும் மதகையும் முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் அந்த வரப்புகளை வெட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொண்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்களைப் பிடித்துவந்து, சேற்றிலும் மலேரியாவிலும் சாகவிட்டு விளைவித்த நெல் அது. இந்த ஊர்ச் செல்வம் அந்த அரிசியில் வந்தது. 2018ல் நகராட்சியே இதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 2019ல் கல்யாண ஏற்பாடுகளுக்கான தி நாட், படங்கள் பகிரும் பின்டரெஸ்ட் போன்ற இணையத் தளங்கள் தோட்ட மாளிகைக் கல்யாணங்களை அழகுபடுத்தி விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தின.

ஊருக்குள் வைத்தால் மட்டும் தப்பித்தோமா என்று கேட்பீர்கள். இல்லை, இங்கே பழைய வீடுகளின் செங்கல்லும் அந்த அடிமைகளின் கை பட்டதுதான். ஆனாலும் ஒருவர் துன்பப்பட்ட வாசலிலேயே மேளம் கொட்டுவதும், அவர்கள் கட்டிய ஊரில் அவர்களை நினைத்துக்கொண்டு கல்யாணம் செய்வதும் வேறு வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஈஸ்ட் பே தெருவில் பழைய சுருட்டுத் தொழிற்சாலை இருக்கிறது, 1881ல் எழுந்த கட்டடம். 1945ல் அங்கே வேலை செய்த கறுப்பினப் பெண்கள் கூலி உயர்வுக்காக மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். போராட்டத்தில் அவர்கள் பாடிய பாட்டு பின்னால் கறுப்பின மக்களின் சம உரிமை இயக்கத்துக்கே கீதமானது. இப்போது அந்தக் கட்டடத்துக்குள் விழாக்கூடம் இருக்கிறது. கொழுந்து பறித்தவர் பேத்திக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஓக் மரப் படம் வேண்டுமென்றால் ஹாம்ப்டன் பூங்காவில் எடுக்கலாம், நகராட்சியிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் விருந்தாளிகளை, அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற காட்ஸ்டன் துறையில் 2023ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அப்பாவையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

இந்த ஊர் மல்லிகையைத் தலையில் வைக்கலாமா? மஞ்சளாக வேலியெங்கும் பூக்கிறதே! (கிரீன்வில்லிலிருந்து ஒரு சித்தி)

வேண்டவே வேண்டாம். அது கரோலைனா ஜெஸ்ஸமின், இந்த மாநிலத்தின் பூ. பெயர்தான் மல்லிகை மாதிரி, செடி முழுக்க விஷம். குழந்தைகள் ஓடியாடும் கல்யாண வீட்டில் அதைச் சரமாகத் தொடுத்து வைக்காதீர்கள். மல்லிகைச் சரம் விற்கும் ஆட்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து வரவழைத்துவிடுங்கள்.

வாழையிலைச் சாப்பாடு நடக்குமா? தாம்பூலப் பையில் ஊர் ஞாபகமாக என்ன போடலாம்? (அட்லாண்டாவிலிருந்து ஒரு தம்பதி)

பல மண்டபங்களில் சமையல்காரர் பட்டியல் ஒன்று வைத்திருப்பார்கள், அதில் இல்லாதவரை உள்ளே விட மாட்டார்கள். முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். இலை உறைய வைத்துக் கடைகளில் கிடைக்கும். முதல் நாள் இரவே எடுத்து உறைபனி விடும்வரை வெளியே வைத்துத் துடைத்து வைக்க இரண்டு ஆள் வேண்டும்.

உள்ளூர்ச் சாப்பாட்டில் ஹாப்பின் ஜான் என்று ஒன்று உண்டு. காராமணியும் சோறும் சேர்ந்தது, பன்றி இறைச்சி போட்டுச் செய்வார்கள். இறைச்சி இல்லாமல் செய்யச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களும் ரசித்துச் சாப்பிடுவார்கள். பென்னே வேஃபர் என்ற எள் பிஸ்கட்டைத்தான் எல்லோரும் பரிசாகக் கொடுப்பார்கள். எள் தர்ப்பணத்துக்குரியது என்று நினைக்கும் வீடாக இருந்தால், பாட்டியிடம் கேட்காமல் தாம்பூலப் பையில் போடாதீர்கள். அடிமைகளாக வந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த ‘கல்லா’ (Gullah) சமூகத்துப் பெண்கள் புல்லில் பின்னும் கூடைகளில் ஒன்றை வாங்கி வெற்றிலைத் தட்டாக வைத்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நாட்கணக்கில் உட்கார்ந்து பின்னுவது, பேரம் பேசாதீர்கள்.

மாப்பிள்ளை அழைப்பைத் தெருவில் நடத்தலாமா? எண்பது வயதுப் பாட்டி வருகிறார். (ஹூஸ்டனிலிருந்து)

ஊர்வலத்துக்கு நகராட்சி அனுமதி எடுத்தால் நடத்தலாம். பாட்டிதான் முக்கியம். பழைய வீடுகளில் படி அதிகம், பலவற்றில் லிஃப்ட் கிடையாது, சில தெருக்களில் உருளைக்கல். போய்ப் பார்க்கும்போது சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் கடல் மட்டம் உயரும் பெரிய ஓதம் வரும் நாட்களில் மழையே இல்லாமல் தெருவில் கடல்நீர் ஏறும். தேதி குறிக்கும் முன் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து என்னென்ன கொண்டுவர வேண்டும்? (மாப்பிள்ளையின் அம்மா)

தாலி, கூறைப்புடவை, மஞ்சள் பொடி, குங்குமம், விளக்கு இவை போதும். பச்சை வெற்றிலை, பழம், பூ, தேங்காய், நவதானியம், அரிசி எதுவும் பெட்டியில் வேண்டாம். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், சொல்லாமல் வைத்திருந்தால் அபராதமும் உண்டு. பாலிகைக்குத் தானியம் இங்கே இந்தியக் கடைகளில் வாங்கலாம்.

அட்சதைக்கு மட்டும் கரோலைனா கோல்ட் அரிசி வாங்குங்கள் அம்மா. மேலே நான் எழுதிய அந்த வயல்களில் விளைந்த அதே ரகம். இப்போது மறுபடி பயிரிடுகிறார்கள். பையைப் பார்த்து வாங்குங்கள், ‘மிட்லின்ஸ்’ என்று போட்டிருந்தால் அது நொய். அட்சதைக்கு முனை முறியாத முழு அரிசிதான் வேண்டும்.