ஒரு மார்க்கர் பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ்: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு 7 வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. இப்போது நுரையீரலில் ஒரு கட்டி. பயாப்சி ரிப்போர்ட்டில் காட்டா3 பாசிட்டிவ், மாமாகுளோபின் நெகட்டிவ், டிடிஎஃப்-1 நெகட்டிவ், 'மார்பகத்திலிருந்து பரவியிருக்க வாய்ப்பு அதிகம்' என்று இருக்கிறது. ஏன் இந்தக் குழப்பம்?

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனால் இந்த ரிப்போர்ட்டில் முரண்பாடு இல்லை. காட்டா3, மாமாகுளோபின், டிடிஎஃப்-1 எல்லாம் செல்லில் இருக்கக்கூடிய புரதங்கள், இவற்றைத்தான் மார்க்கர் என்கிறோம். இவை இருக்கிறதா என்று ஆன்டிபாடி போட்டுப் பார்க்கிறோம். ஆன்டிபாடி என்பது செல்லில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள். ஒட்டிய இடம் மைக்ராஸ்கோப்பில் பழுப்பு நிறமாகத் தெரியும், அவ்வளவுதான். 'இது மார்பகப் புற்றுநோய்தான்' என்று தனியாக அடித்துச் சொல்லும் ஆன்டிபாடி எதுவும் கிடையாது. அதனால்தான் நாலைந்தைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கிறோம்.

மாமாகுளோபின் பாசிட்டிவ் என்றால் மார்பகத்தின் பக்கம் நல்ல சாட்சி, ஆனால் ஏராளமான மார்பகப் புற்றுகளில் அது வராமலே போகும், ஆகவே நெகட்டிவ் என்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. காட்டா3 பெரும்பாலான மார்பகப் புற்றுகளில் வரும், ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றிலும் வரும், டிரிப்பிள் நெகட்டிவ் வகையில் (ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம் மூன்றுமே நெகட்டிவான மார்பகப் புற்று) சிலசமயம் வராது. அங்கே சாக்ஸ்10, டிஆர்பிஎஸ்1 என்ற வேறு மார்க்கர்கள் கைகொடுக்கும். டிடிஎஃப்-1 நுரையீரலிலேயே தோன்றும் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றில் பெரும்பாலும் பாசிட்டிவாக இருக்கும். அம்மாவுக்கு அது இல்லை, காட்டா3 இருக்கிறது, பழைய நோயும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துத்தான் பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவர்) அப்படி எழுதியிருக்கிறார், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் புதிய கட்டியில் ஈஆர், பிஆர், ஹெர்2 பார்த்தார்களா? நீங்கள் அனுப்பியதில் அது இல்லை. பழைய ரிப்போர்ட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பரவிய இடத்தில் இவை மாறிப்போவதுண்டு, மருந்தைத் தீர்மானிப்பதே இவைதான். ஈஆர் 1 சதவீத செல்களில் வந்தாலே பாசிட்டிவ் கணக்கு, 1 முதல் 10 வரை 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்பிடுவார்கள். ஹெர்2-வுக்கு நிறம் எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்று மதிப்பெண் போடுவார்கள்: 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் முடிவு தெரியாத நிலை, அப்புறம் ஹெர்2 மரபணுவையே பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும்.

முதல் அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் பழைய பாரஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்து வைத்த திசு) ஸ்லைடும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, இப்போதைய பேத்தாலஜிஸ்ட்டிடம் கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், இன்னொரு ஆன்டிபாடி போடுவதைவிடப் பலசமயம் அதுவே தெளிவாகச் சொல்லிவிடும்.