கவரைக் கழற்றியது யார்?

வேலையிடப் பாதுகாப்பு பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி முதலாளிகளுடையவை, பாதி வேலையாட்களுடையவை. எழுதியிருப்பது ஒரே வகை மெஷின்களைப் பற்றித்தான். படித்தால் வேறு வேறு மெஷின்கள் போலத் தோன்றுகின்றன.

மர அறுவை மில் வைத்திருக்கிறேன். பெல்ட் ஓடும் இடத்துக்குத் தகரக் கவர் செய்து மாட்டினேன். ஒரே வாரத்தில் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார்கள். இவர்களுக்கு உயிர் மேல் பயமே கிடையாதா? (தக்கலை)

பயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருக்கிறது: வேலை நின்றால் உங்கள் முகம் போகும் போக்கு.

இதே போன்ற ஒரு மில்லில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். கவருக்கு எட்டு போல்ட். மரத்தூள் அடைந்து பெல்ட் வழுக்கும்போதெல்லாம் எட்டையும் கழற்ற வேண்டும். வெளியே தடி ஏற்றிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. மூன்றாவது முறை வழுக்கியபோது மேஸ்திரி இரண்டு போல்ட்டை மட்டும் திருப்பி மாட்டினார். மீதி ஆறும் சன்னலில் இருந்த ஊறுகாய் பாட்டிலுக்குள் போயின. அந்தப் பாட்டிலில் ஏற்கெனவே துருப்பிடித்த போல்ட்டுகள் கிடந்தன. அப்படியென்றால் அவருக்கு முன்பும் யாரோ இதையே செய்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "தகரத்தால் மூடிவிட்டால் பெல்ட் ஓரம் பிரிவது கண்ணில் படாது சார், அறுந்து அடித்த பிறகுதான் தெரியும்" என்றார். அவரும் ஓர் ஆபத்தைப் பார்த்துத்தான் கவரைக் கழற்றுகிறார். நீங்கள் பார்ப்பது வேறோர் ஆபத்து.

தகரத்துக்குப் பதில் கம்பி வலை போடுங்கள். உள்ளே ஓடுவது தெரியட்டும். போல்ட்டுக்குப் பதில் கீல் வையுங்கள். திறந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்சையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டுங்கள்.

நூற்றுக்கு 88 விபத்துகள் தொழிலாளியின் தவறால் நடக்கின்றன என்று 1931இல் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் எழுதினார். பயிற்சி வகுப்புகளில் இன்றும் அந்தக் கணக்கு ஓடுகிறது. அவர் எடுத்துக்கொண்ட 75,000 விபத்து விவரங்களும் காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும் ஆலை முதலாளிகளின் பதிவேடுகளிலிருந்தும் வந்தவை. மேலாளர் எழுதிய அறிக்கையில் மேலாளரின் தவறு எத்தனை இடத்தில் இருக்கும்?

கவரை அவனே கழற்றி, விரலும் போனால் நான் இழப்பீடு தர வேண்டுமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

வேண்டுமென்றே கழற்றினார் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. நிரூபித்தாலும், உயிர் போனாலோ நிரந்தரமாக முழு உடற்குறை ஏற்பட்டாலோ அந்தச் சாக்கு எடுபடாது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே அந்தக் கதவை அடைத்துவிட்டது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைத் திறக்கவில்லை. கழற்றியதைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் "வேண்டுமென்றே" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஐஸ் பிளான்ட்டில் பத்து வருட வேலை. குளிரூட்டப் பயன்படும் அமோனியாவின் வாடை வருகிறது என்று புதிதாகச் சேர்ந்த பையன் சொல்கிறான். பழைய ஆட்கள் யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் அவனைப் பயந்தாங்கொள்ளி என்கிறார். (குளச்சல்)

பையன் சொல்வதை நம்புங்கள். தினமும் அந்தக் காற்றைச் சுவாசிக்கும் மூக்கு மெல்ல மெல்ல மரத்துப்போகும். உங்கள் பத்து வருட அனுபவம் எல்லாவற்றுக்கும் உதவும், இந்த ஒன்றைத் தவிர. ஏசி அறையிலிருந்து எப்போதாவது இறங்கி வரும் மேனேஜருக்கும் தெரியாமல் போவதற்குக் காரணம் வேறு: கம்ப்ரசர் அறைக்குள் அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார்?

எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு வரை என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 300 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கணக்கை மூக்கிடம் விடாதீர்கள். அலாரம் அடிக்கும் கருவி ஒன்று கம்ப்ரசர் அறையில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று. அமோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று சொல்வார்கள். பெரிய கசிவில் அதை நம்பி நிற்காதீர்கள். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. வெளியே பீறிட்டால் குளிர்ந்த வெண்புகையாகத் தரையை ஒட்டியே பரவும். காற்றுக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கம் போய்விட வேண்டும். கடற்கரையில் பகலில் கடல்காற்று, இரவில் கரைக்காற்று என்று திசை மாறுவதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பகல் ஷிப்ட்டுக்குக் காட்டிய ஓடும் வழியை இரவு ஷிப்ட்டுக்கும் காட்டியிருப்பார்கள். கூரை மேல் ஒரு துணிப்பை கட்டித் தொங்கவிட்டால் திசை தெரியும். தேங்கிக் கிடக்கும் திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் வேகமாக ஆவியாகும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முந்திரி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறேன். கொட்டையின் தோட்டில் (ஓட்டில்) இருக்கும் எண்ணெய் கையைப் பொத்துவிடும் என்று கையுறை வாங்கிக் கொடுத்தோம். அக்காமார் ஒருவரும் போடுவதில்லை. ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் போதும் என்கிறார்கள். (கருங்கல்)

கூலி கிலோ கணக்கா, நாள் கணக்கா? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை. கிலோ கணக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். கையுறை போட்டால் பருப்பு உடையும், வேகம் குறையும், சனிக்கிழமை கையில் வரும் பணம் குறையும். கையுறைக்கு ஆலை ஒருமுறை பணம் கட்டியது. அக்காமார் தினமும் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் கையுறையோடு, இரண்டு நாள் இல்லாமல் எடை போட்டுப் பாருங்கள். குறைகிற அளவுக்குக் கூலியைக் கூட்டித் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். எந்தக் கையுறை வேண்டும் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்கு மோட்டார் வைத்திருக்கிறோம். சுவிட்ச் சுவரில் இருக்கிறது. போதாதா? (குலசேகரம்)

போதாது. ரோலர் இடுக்கில் கை மாட்டினால் மற்றக் கை சுவர் வரை எட்டாது. முழங்காலால் தள்ளி நிறுத்துகிற மாதிரி ரோலரிலேயே ஒரு கம்பி வேண்டும். ரப்பர் பால் உறைந்த கட்டியின் கடைசி நுனியை விரலால் தள்ளிவிடுவதுதான் கண்டம்; விரல் எட்டாதபடி முன்னால் நீளமான சாய்பலகை வையுங்கள். கையால் சுற்றும் ரோலரில் சுற்றுகிறவர் அலறல் கேட்டதும் விட்டுவிடுவார். மோட்டாருக்குக் காது கிடையாது. மேலே கையுறைக்காக வாதாடிய நான் இங்கே வேண்டாம் என்கிறேன். துணி முதலில் போகும், பின்னாலேயே கை போகும். முந்தானை, துண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர் தரப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. டீக் கடையில் மட்டும் 'மயிரிழையில் தப்பினோம்' என்று கதை கதையாகச் சொல்கிறார்களாம். (நாகர்கோவில்)

முதலில் சொன்னவருக்கு மெமோ கொடுத்திருப்பீர்கள். வாசலில் "விபத்தில்லாத நாட்கள்" பலகையும், அதற்கு ஒரு போனஸும் உண்டா? அப்படி ஒரு பலகைக்குக் கீழே நின்று பேசியவரின் இடது கை கடைசி வரை சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. விடைபெறும்போது கை கூப்ப எடுத்தார். இரண்டு விரலில் கட்டு. சக ஆட்களின் போனஸ் போய்விடக் கூடாதே என்று மறைத்திருக்கிறார்.

பலகையை இறக்குங்கள். அடுத்த கூட்டத்தை மெஷின் பக்கத்தில் நின்றபடி நடத்துங்கள். நாற்காலி வேண்டாம்.