அவுட்போர்டு கியர் ஆயிலில் தண்ணீர்: கடைக்காரரிடம் கேட்கலாமா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் 4,200 வெள்ளிக்குப் பழைய 30 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) வாங்கினேன். வாரக் கடைசியில் புலாவ் உபின் பக்கம் மீன்பிடிக்கப் போவதோடு சரி. போன வாரம் கியர் ஆயில் மாற்றலாம் என்று திருகைத் திறந்தால், தண்ணீர் கலந்து தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வடிகிறது. கடைக்காரரோ, "தண்ணிக்குள்ள ஓடுற எஞ்சின், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆயில் மாத்திட்டு ஓட்டுங்க" என்கிறார். குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சிங்கப்பூரின் லெமன் சட்டப்படி கேட்க முடியுமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: முடியும். ஆனால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். செலவு யார் தலையில் என்பது அதைப் பொறுத்தது.

"கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்பதெல்லாம் சாக்கு. நல்ல கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போகவே கூடாது. உப்புத் தண்ணீர் கலந்த எண்ணெயால் பல்சக்கரம் தேயும், படகு சும்மா நிற்கும் நாளிலும் பேரிங்கில் துரு ஏறும். எண்ணெயை மட்டும் மாற்றினால் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

சில சமயம் விஷயம் அற்பமாக முடியும். எண்ணெய் வடிக்கும் திருகின் வாஷரை மாற்றாமல் பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள். அதற்குச் சில வெள்ளிதான். அடுத்த சந்தேகம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல், அதாவது புரொப்பெல்லர் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம். புரொப்பெல்லரைக் கழற்றி, பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடக்கிறதா என்று பாருங்கள். நைலான் நரம்பு இறுகினால் சீலை அறுத்துவிடும். அது உங்கள் நரம்பு என்றால் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்களுடையது இல்லை என்றால், எடுப்பதற்கு முன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் இல்லையென்றால் கியர் மாற்றும் தண்டின் சீல், வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சீல் என்று தேட வேண்டும்.

ஊகிப்பதை விடச் சோதிப்பது நல்லது. எண்ணெயை வடித்துவிட்டு, திருகுத் துளை வழியாகச் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்குகிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிய இடத்தில் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். முடிவை எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் வெளியாளைப் பிரிக்க விடாதீர்கள், பிறகு கடைக்காரர் அவர்மேல் பழி போடுவார். காந்தம் வைத்த திருகானால் நுனியையும் பாருங்கள்: மை போன்ற சாம்பல் பசை சாதாரணம், உலோகச் சில்லு இருந்தால் கியரே அடிபட்டிருக்கிறது.

இனி சட்டம். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் உண்டு. கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை விற்றபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. 'பழைய பொருள், பொறுப்பில்லை' என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும் தப்ப முடியாது. ஆனால் எஞ்சினின் வயதும் கொடுத்த விலையும் கணக்கில் வரும். குறையைச் சொல்லியே விற்றிருந்தால் கோரிக்கை நிற்காது.

முதலில் பழுதுபார்த்துத் தரும்படி வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலத்தில் செய்யாவிட்டால் விலைக் குறைப்போ, பணத்தைத் திரும்பவோ கேட்கலாம். பிடிவாதம் பிடித்தால் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்', அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. (இதே எஞ்சினைக் கேரசல் இணையச் சந்தையில் ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் லெமன் சட்டம் கைகொடுக்காது. அவர் என்ன சொல்லி விற்றார் என்ற உரையாடல் பதிவுதான் துணை.)

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள். டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயிலையும் பாருங்கள், அது தனி எண்ணெய். அதுவும் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) வரை சந்தேகிக்க வேண்டும். கடைக்காரர் பார்க்கும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.