தோளுக்குச் சொந்தக்காரர்கள்

கேள்வி: எங்கள் பேஸ்பால் பிட்சர் ரோகி சசாகியின் வலது தோள் தாங்குமா? 2025 மே மாதம் அது மக்கர் செய்ததிலிருந்து அவர் ஒவ்வொரு பந்து வீசும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி நிர்வாகம் ஸ்கேன் விவரங்களை ரசிகர்களுக்கு ஏன் முழுசாகச் சொல்வதில்லை?
– ஒரு வாசகர், செரிட்டோஸ், கலிஃபோர்னியா

பதில்: ‘எங்கள்’ சசாகி என்கிறீர்கள். எப்போதிலிருந்து? 2025 ஜனவரி வரை அவர் ஜப்பானின் சிபா லோட்டே அணிக்காரர்களின் சசாகி. அதற்கு முன்னால் ஓஃபுனாட்டோ பள்ளியின் சசாகி. அதற்கும் முன்னால் ஜப்பானின் வடகிழக்கில் ரிகுசென்தகாதா என்ற கடலோர ஊரின் பொடியன். 2011 சுனாமியில் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் பறிகொடுத்தபோது வயது ஒன்பது. அன்றைக்கு ‘எங்கள் பிள்ளை’ என்று செரிட்டோஸிலிருந்து யாரும் கடிதம் போடவில்லை. 17 வயதில் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்தை வீசினார். மறுநாளே சொந்தபந்தம் பெருகிவிட்டது.

இந்தச் சொந்தம் எதுவரை போகும் என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு ஜப்பானியப் பிட்சர் டைசுகே மட்சுசாகாவைத்தான் கேட்க வேண்டும். 1998 கோஷியென், அதாவது ஜப்பானின் தேசியப் பள்ளிப் போட்டியின் கால் இறுதியில் 17 இன்னிங்ஸ் (வழக்கம் ஒன்பது), 250 பந்து, ஒரே ஆள். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு முதல் தளத்தையாவது எட்டுவது) கொடுக்கவில்லை. நாடே கண்கலங்கியது. பின்னால் பாஸ்டன் போனார், கோப்பை வென்றார், முழங்கையில் கத்தி, 2015-இல் தோளில் கத்தி. ஜப்பான் திரும்பி சாஃப்ட்பேங்க் அணியில் மூன்று சீசன் இருந்து முதல் அணிக்காக ஆடியது ஒரே ஆட்டம். முடிந்தது கதை என்று எல்லாரும் எழுதிய பிறகு 2018-இல் சூனிச்சி டிராகன்ஸ் அணிக்கு வந்து ஆறு வெற்றி வாங்கினார். மறு ஆண்டு பிப்ரவரி, ஒகினாவா பயிற்சி முகாம். ரசிகர்களோடு கை தட்டிக்கொண்டே நடந்துபோனவரை ஒரு ரசிகர் அன்பு தாங்காமல் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். வலது கை. தோள் வீங்கி, பந்து வீசுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

250 பந்து போட்டும் மிச்சமிருந்த தோள் அது. இழுத்தவரும் அன்று காலை வரை அதன் ஆரோக்கியத்துக்காகக் கவலைப்பட்டவராகத்தான் இருந்திருப்பார் என்பது என் அனுமானம்.

கவலைப்படும் ரசிகர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. இதே பக்கத்தில் முன்பு ஒரு பிட்சரின் முழங்கையைப் பற்றி நாலு வரி எழுதப்போக, மருத்துவக் குறிப்புகளாக வந்து குவிந்தன. முறிவெண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர். முறிவெண்ணெய் எலும்புக்குத்தான், நரம்புக்குப் பிண்டத் தைலம்தான் என்று அவரை மறுத்தார் இன்னொருவர். மூன்றாமவர் செயல்வீரர். புத்தூர் கட்டு போட்டுக்கொண்டால் மூன்றே கட்டில் கை நேராகும், ரயில் புத்தூரிலேயே நிற்கும், காலையில் வெறும் வயிற்றோடு போவது நல்லது என்று கோடிக்கணக்கில் டாலர் சம்பளம் வாங்கும் அமெரிக்கருக்கு வழித்தடம் எழுதி அனுப்பியிருந்தார். நாலாவது கடிதம்தான் உச்சம்: பிட்சர் இடது கைக்காரராக இருந்தால் வலது மூக்கில் நஸ்யம் விட வேண்டுமாம். மூக்கையும் முழங்கையையும் இணைக்கும் நரம்பு எது என்று பணிவாகத்தான் கேட்டேன். நான் ஆங்கில மருத்துவத்தின் அடிமை என்று ஒரு கார்டு வந்தது. பிறகு இன்னொரு கார்டு. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இந்தப் பதில் அச்சேறியதும் உங்கள் சசாகிக்கு எந்த மூக்கு என்பதை அவரே தெரிவிப்பார், கவலையை விடுங்கள்.

ஸ்கேன் கேட்கிறீர்களே, வந்தால் என்ன செய்வதாக உத்தேசம்? விளக்கில் பிடித்துப் பார்ப்பீர்களா? தோளில் நடப்பதைச் சொல்ல ஸ்கேன் தேவையில்லை. இந்த வேகத்தில் வீசும் பிட்சரின் கை, பந்தை விடும் தருணத்தில், நொடிக்குச் சுமார் 7,000 பாகை வேகத்தில் சுழல்கிறது. மனித உடம்பு செய்யும் அசைவுகளில் இதைவிட வேகமானது கிடையாது. அந்தச் சுழற்சியைப் பிடித்து நிறுத்துவது தோளைச் சுற்றியிருக்கும் நாலு சின்னத் தசைகள். களைத்த தசை பிடிமானம் இழந்தால் எலும்புகளின் நடுவில் தசைநார் மாட்டி நசுங்கும். சசாகிக்குச் சொன்ன கோளாறும் அதுவே. மருந்து ஓய்வு. ஓய்வு கொடுத்தவரை ரசிகர் என்ன செய்வார் என்பதற்கும் சசாகி கதையிலேயே பதில் இருக்கிறது.

2019 ஜூலை. இவாத்தே மாகாணப் போட்டி, வென்றால் கோஷியென். ஓஃபுனாட்டோ பள்ளி அங்கே போய் 35 ஆண்டு ஆகியிருந்தது. நாலாவது சுற்றில் பையன் 12 இன்னிங்ஸ், 194 பந்து. மூன்று நாள் கழித்து அரையிறுதியில் 129. மறுநாளே இறுதி. பயிற்சியாளர் யோஹே கொகுபோ அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. இந்த மூன்று ஆண்டில் பையன் உடைந்துபோக அதிக வாய்ப்புள்ள நாள் இதுதான் என்று தமக்குத் தோன்றியதாகச் சொன்னார். ஹனமாக்கி ஹிகாஷியிடம் 12-2 தோல்வி. பள்ளிக்கு வாழ்த்துத் தந்தி வந்தது என்று நினைக்கிறீர்களா? வசவுத் தொலைபேசி வந்தது, ஓயாமல். அழைத்தவர்கள் எல்லாருக்கும் அவர் ‘எங்கள் சசாகி’.

அந்த ஞாயிறு தொலைக்காட்சியில் பழைய மட்டையாளர் இசாவ் ஹரிமோட்டோ வந்தார். 3,085 ஹிட், ஜப்பானில் இன்றுவரை அதுதான் சாதனை. காயத்துக்குப் பயந்தால் விளையாட்டை விட்டுவிட வேண்டியதுதான் என்கிற தோரணையில் கொகுபோவைப் பிடிபிடியென்று பிடித்தார். அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த ஜப்பானியப் பிட்சர் யூ டார்விஷ், தமக்கு ஒரே ஒரு வரம் கிடைத்தால் அந்த நிகழ்ச்சிப் பகுதியையே ஒழித்துவிடச் சொல்வேன் என்று எழுதினார். நான் டார்விஷ் கட்சி. ஆனால் ஹரிமோட்டோவை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ள மனம் வரவில்லை. சிறுவயதில் வலது கை தீயில் வெந்து விரல்கள் ஒட்டிக்கொண்ட மனிதர். ஐந்து வயதில் ஹிரோஷிமா குண்டில் அக்காவைப் பறிகொடுத்தவர். அப்படியிருந்தும் அத்தனை ஹிட் அடித்தவர், அடுத்தவன் தோளுக்கு மட்டும் எப்படி இரக்கம் காட்டுவார்? நம் பத்திரிகைகளில் ‘வலியை வென்ற வீரர்’ என்று தலைப்புப் போடும் உதவி ஆசிரியர்களுக்கு இந்தச் சாக்குகூடக் கிடையாது. அந்தத் தலைப்பை நான் எத்தனை முறை அடித்தாலும் அச்சகத்துக்குப் போகும் வழியில் உயிர் பெற்றுவிடுகிறது. தியாகம், கண்ணீர், ரத்தம் இல்லாமல் விளையாட்டுப் பக்கம் நிறையாது என்று யாரோ அவர்களுக்கு மந்திரித்து விட்டிருக்கிறார்கள்.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. 2025 நவம்பர் 1 இரவு எங்கே இருந்தீர்கள்? டொரோண்டோவில் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். முந்தின நாள்தான் 96 பந்து வீசிய டாட்ஜர்ஸ் பிட்சர் யோஷினோபு யமமோட்டோ மறுபடி வந்து இன்னும் 34 பந்து போட்டு, 11-வது இன்னிங்ஸில் கோப்பையை முடித்துக் கொடுத்தார். அவர் தோளுக்காக நெஞ்சு பதறியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சோபா மேல் ஏறி நின்று கத்தியிருப்பீர்கள். நானும் கத்தினேன். ஜெயித்துவிட்டால் தோள் அவருடையது, நாளைக்குத் தோற்றால் நம்முடையது ஆகிவிடும்.

பையன்களுக்காவது ஜப்பானில் ஒரு கணக்கு வந்தது. பள்ளிப் பிட்சர் ஒருவர் வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று 2020-இல் விதி போட்டார்கள். 500 என்பது நாலு முழு ஆட்டம். 2019-இல் அந்த இறுதி ஆட்டத்துக்கு முன்பு வரை சசாகி வீசியது, போட்டி முழுவதும் சேர்த்தே, 435. அதாவது இந்த விதி அன்றே இருந்திருந்தாலும் கொகுபோ தாராளமாக அவரை இறக்கியிருக்கலாம், சட்டம் குறுக்கே நின்றிருக்காது. விதி வந்த அந்த ஆண்டிலேயே கொரோனாவால் வசந்தகாலக் கோஷியெனும் ரத்து, கோடைக் கோஷியெனும் ரத்து. தேர்வாகியிருந்த 32 பள்ளிகளும் ஆகஸ்டில் ஆளுக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போயின. அந்த முறை அங்கே 500-ஐத் தாண்டியவர் யாரும் இல்லை.